சலவை இயந்திரம் நீடித்து உழைக்க...



பிழைப்பின் நிமித்தம் மும்பை, பெங்களூரு, தில்லி, புனே போன்ற நகரங்களில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகள் இன்று அநேகம். ஊரில் துவைக்கிற கல் இருந்தது, கிணற்றடி இருந்தது, கைகொடுக்கத் தாயோ தங்கையோ இருந்தார்கள். இங்கே இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில், குளியலறை ஓரத்திலோ பால்கனியிலோ நிற்கும் சலவை இயந்திரமே அந்த இடங்கள் அனைத்தையும் நிரப்புகிறது. மாதத் தவணையில் வாங்கப்பட்ட அந்த இயந்திரம் தவணை முடிந்த சில ஆண்டுகளிலேயே பழுதாகி நிற்கும்போது, வீட்டின் வரவு செலவு மட்டுமல்ல, சமாதானமும் குலைகிறது. “அளவுக்கு மிஞ்சித் துணி போட்டது நீதான்” என்று கணவனும், “சத்தம் வருகிறது என்று ஆறு மாதமாகச் சொன்னேனே, நீங்கள் காதில் வாங்கவில்லை” என்று மனைவியும் வாதாடுவதை வீடு சந்திப்புகளில் நான் கேட்டதுண்டு.

உண்மையில், முன்பக்கம் கதவு கொண்ட சலவை இயந்திரம் உழைப்பினால் சீக்கிரம் கெடுவதில்லை. உள்ளே தங்கிவிடும் ஈரம், சோப்பு, உப்பு ஆகிய மூன்றுமே அதன் ஆயுளைக் குறைக்கின்றன. இம்மூன்றையும் விலக்க வாரத்தில் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களை வீட்டில் யார் கொடுப்பது என்பதே கேள்வி.

இயந்திரத்தின் இயல்பு

மேற்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் துணிகள் நிறைந்த தண்ணீரில் மிதந்து சுழல்கின்றன. முன்பக்கம் திறக்கும் இயந்திரத்திலோ, டிரம் படுக்கை வாட்டத்தில் சுற்றுகிறது. துணிகளை மேலே தூக்கி, அடியிலுள்ள சிறிதளவு தண்ணீரில் விழச் செய்கிறது. ஊரில் கல்லில் அடித்துத் துவைப்பதற்கு ஒப்பான வேலை இது. ஆகையால் தண்ணீர் பெருமளவு மிச்சமாகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த குடும்பங்கள் இதன் அருமையை அறிவார்கள்.

ஆனால் குறைந்த தண்ணீரில் துவைப்பதால், போட்ட சோப்பு முழுவதும் அலசப்படுவதும் கடினமாகிறது. கதவு தண்ணீர் கசியாமல் இறுக மூடுவதால் உள்ளே காற்றும் புகுவதில்லை. இந்த இயந்திரத்தின் பராமரிப்பு முறைகள் பெரும்பாலும் இவ்விரண்டு காரணங்களிலிருந்தே வருகின்றன.

சலவைத்தூள்: குறைவே நிறைவு

நுரை மிகுந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய எண்ணம். கையால் துவைக்கும்போது அது பாதகமில்லை. முன்பக்கக் கதவு இயந்திரத்திலோ நுரை ஒரு மெத்தையைப்போல் நின்று, துணிகள் விழுந்து அடிபடுவதைத் தடுக்கிறது. அலசிய பின்னும் மிஞ்சும் சோப்பு டிரம்மின் பின்புறத்தில் பசையாகப் படிகிறது. டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கைகளுள்ள அலுமினியத் தாங்கியை மெக்கானிக்குகள் ‘ஸ்பைடர்’ என்பார்கள். ஈரமும் சோப்புப் பசையும் சேர்ந்து அதை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன. ஒரு நாள் அது முறிந்தால் டிரம் ஆட்டங்கண்டு, பழுது பெருஞ்செலவில் முடிகிறது.

ஆகவே, ‘மேட்டிக்’ என்று எழுதப்பட்டவற்றிலும் ‘ஃப்ரண்ட் லோடு’ என்று குறித்த தூளையோ திரவத்தையோ மட்டும் வாங்குங்கள். பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேல் போடாதிருங்கள். பழைய சோப்பு தங்கியிருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. துணியும் தூளும் இல்லாமல் வெந்நீரில் ஒருமுறை ஓடவிட்டு, கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். நுரை தென்பட்டால் அது முந்தைய சலவைகளின் மிச்சமே.

ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளாடை அணியும் குடும்பங்களுக்கு ஒரு சொல். கஞ்சி போட வேண்டிய வேட்டி, புடவைகளைத் துவைத்து எடுத்த பின் வாளியில் தனியே கஞ்சி போடுங்கள். இயந்திரத்துக்குள் கஞ்சி ஊற்றினால் அது டிரம்மிலும் குழாயிலும் படிந்து பூஞ்சைக்கு உணவாகும். வெண்மை வேண்டுமென்று தூளை இரட்டிப்பதைவிட, வெள்ளைத் துணிகளைத் தனியே பிரித்து 60 பாகை வெந்நீரில் துவைப்பதே பலன் தரும். 15 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரமும், 40 பாகைக்கு 0.26 யூனிட்டும் ஆகும். அன்றாடத் துணிகளுக்கு 30 அல்லது 40 பாகையே போதும்.

உப்புத் தண்ணீர்

மும்பை மாநகருக்குப் பாட்சா, வைதர்ணா, தான்சா முதலிய ஏரிகளில் தேங்கும் மழைநீர் வருகிறது. அதில் உப்பு குறைவு. பெங்களூரில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் காவிரி நீர் கிடைக்கும் தெருவிலும், ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பும் அடுத்த தெருவிலும் ஒரே இயந்திரத்தின் ஆயுள் வேறுபடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடையாத இடத்தில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. ஆகையால் குடிக்கத் தகுந்த நீரும்கூட இயந்திரத்துக்குப் பகையாய் இருக்கக்கூடும்.

குழாய் முனையில் வெண்படிவு, வாளியில் வெள்ளைக் கோடு, சோப்பு நுரைக்க மறுத்தல் ஆகியவை கடின நீரின் அடையாளங்கள். இந்த நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரின்மேல் ஓடுபோலப் படிகிறது. படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குச் செல்லாமல் ஹீட்டருக்குள்ளேயே தங்கி, முடிவில் அது எரிந்துபோகிறது. இயந்திரத்தின் தண்ணீர்க் குழாயில் பொருத்தும் மென்னீராக்கி கடைகளில் கிடைக்கிறது. சாதாரண உப்பினால் புதுப்பிக்கத்தக்க வகைகளும் உண்டு. அதனுடன், படிவு நீக்கும் தூளைப் பொட்டலத்தில் சொன்னபடி இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, துணியில்லாமல் வெந்நீரில் ஓடவிடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். படிவு நீக்கும் தூள் அமிலத்தன்மை உடையது. அதனோடு பிளீச்சிங் திரவத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும். இரண்டாவது, ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் சலவைக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதைத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், இயந்திரத்துக்குக் கொடுக்காதிருங்கள்.

ரப்பர் வளையமும் வடிகட்டியும்

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விலக்கிப் பாருங்கள். தலைமுடி, நூல்பிசிறு, சில்லறைக் காசு, தேங்கிய தண்ணீர் ஆகியவை அங்கே இருக்கும். சில வாரங்களில் கரும்பூஞ்சை பிடித்து, துவைத்த துணியிலேயே துர்நாற்றம் வீசத் தொடங்கும். கடைசிச் சலவை முடிந்ததும் உலர்ந்த துணியால் மடிப்பைத் துடைத்து, கதவையும் தூள் போடும் பெட்டியையும் சற்றே திறந்துவைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. முடிந்த துணிகளை இரவு முழுவதும் உள்ளே விட்டுவைக்காதிருங்கள்.

இயந்திரத்தின் முன்புறம், கீழ்மூலையில் ஒரு சிறு மூடி உண்டு. அதற்குள் இருப்பது தண்ணீரை வெளியேற்றும் பம்பின் வடிகட்டி. ஊக்கு, பொத்தான், கொண்டை ஊசி எல்லாம் அங்கேதான் சேரும். ‘தண்ணீர் வெளியேறவில்லை’ என்று மெக்கானிக்கை அழைக்கும் வீடுகளில் பல நேரங்களில் இவ்வடிகட்டி அடைத்திருப்பதே காரணம். மாதம் ஒருமுறை, மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளிருக்கும் தண்ணீர் ஆறிய பிறகு, கீழே தட்டும் துண்டும் வைத்து, மெதுவாக இடப்புறம் திருகித் திறந்து கழுவி மாட்டுங்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் முனையிலுள்ள சிறு சல்லடையையும் அப்போதே மணல் போகக் கழுவலாம்.

மின்சாரமும் நிற்கும் இடமும்

வெந்நீர் வசதியுள்ள இயந்திரத்தின் ஹீட்டர் மட்டுமே ஏறத்தாழ 2000 வாட் இழுக்கும். இதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். நீட்டிப்புப் பெட்டி ஆகாது. பழைய வாடகை வீடுகளில் மூன்றாம் துளை பெயருக்கு இருக்கும், ஆனால் அதன் பின்னே எர்த் கம்பி இராது. ஈரக்கையும் ஈரத்தரையும் சேரும் இடம் இது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் உண்டா என்று சோதித்தறிந்த பின்னரே உபயோகியுங்கள். மின்கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்சையும் பொருத்துங்கள். வீட்டுக்காரர் செலவை ஏற்க மறுத்தாலும் இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

மேல்மாடியில் குடியிருப்பவர்கள் ‘தண்ணீர் வரவில்லை’ என்று இயந்திரம் நின்றுவிடுவதாகக் குறை கூறுவதுண்டு. 0.3 பார் அழுத்தம் வேண்டுமென்று கையேடு சொன்னால், தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு மேல் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பொருள். தலைக்குமேலேயே தொட்டி இருக்கும் வீட்டில் அவ்வுயரம் கிடைப்பது அரிது. இயந்திரத்தைக் குறைகூறுமுன் இதைச் சோதியுங்கள். சிறிய அழுத்த பம்ப் ஒன்று குறையைத் தீர்க்கும்.

நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிய வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டின்மேல் நிறுத்தினால் பிழியும் வேகத்தில் இயந்திரம் நகர்ந்து அதிரும். அடிப்புறம் திறந்த வகையானால் வலைத்தகடு போடுங்கள். கம்பிகளைக் கடிக்க எலிகள் அவ்வழியாகவே வருகின்றன. டிரம்மில் துணி நிரப்பிய பின் மேலே ஓர் உள்ளங்கை நுழைய இடமிருக்கட்டும். ஒரே கனத்த போர்வையைத் தனியாகப் போடுவதும் நல்லதல்ல; அது ஒரு பக்கம் திரண்டு டிரம்மை உலுக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

கதவைத் திறந்துவைக்கச் சொன்னேன். ஆனால் அக்கதவு தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஒளிந்து விளையாட ஏற்ற குகையாகவும் தோன்றும். உள்ளே புகுந்த குழந்தைக்குக் கதவு மூடிக்கொண்டால் காற்றில்லை. ஆகவே சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில், இயந்திரம் இருக்கும் அறையைத் தாழிடுங்கள். அது இயலாவிட்டால், பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து உலரவிட்டு, மற்ற நேரத்தில் மூடுங்கள். பிளக்கைக் கழற்றி வையுங்கள். துவைக்கத் தொடங்குமுன் டிரம்முக்குள் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

வீடு மாறும்போது

நம்மில் அநேகர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாழ்கிறவர்கள். முன்பக்கக் கதவு இயந்திரத்தின் உள்தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. அதிர்வை அடக்கக் கனத்த எடைக்கல்லும் அதில் கட்டப்பட்டுள்ளது. லாரியில் குலுங்கும்போது இது இடித்து உடையாதபடி, பின்புறம் மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளால் பூட்டியே தொழிற்சாலை அனுப்புகிறது. புதிதாகப் பொருத்தும்போது கழற்றும் அந்தப் போல்ட்டுகளை எறிந்துவிடாதிருங்கள். ஒரு பையிலிட்டுக் கையேட்டுடன் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறுமுன் உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, போல்ட்டுகளை மாட்டி ஏற்றுங்கள். புதிய வீட்டில் கழற்றிய பின்னரே ஓட்டுங்கள். கழற்றாமல் ஓட்டினால் இயந்திரமே துள்ளும்.

பழுது வந்தால்

பிழியும்போது விமானம் இரைவதுபோல் சத்தம் எழுந்தால், தண்ணீர் கசிந்து பேரிங் துருப்பிடித்திருக்கலாம். உடனே காட்டுங்கள்; நாள் கடத்தினால் செலவு பெருகும். சில வகைகளில் உள்தொட்டி ஒட்டி மூடப்பட்டிருப்பதால், பேரிங்கை மட்டும் மாற்ற இயலாமல் தொட்டி முழுவதையும் மாற்ற நேரிடும். வாங்குமுன் இதைக் கடையில் கேளுங்கள். ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்ற விளம்பரம் பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே உரியது. மின்னணுப் பலகைக்கு அல்ல. சேவை எண்ணைக் கையேட்டிலிருந்து எடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்களில் போலிகள் உண்டு.

பொறுப்பு யாருடையது?

மனைவியின் பாரம் குறையும்படி வாங்கிய இயந்திரத்தின் பராமரிப்பும் அவள் தலையிலேயே விழுமானால், பாரம் குறைந்தது எவ்வாறு? வளையத்தைத் துடைப்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் எளிது. பாக்கெட்டுகளைச் சோதித்து உடையைக் கூடையில் போடுவது அவரவர் கடமை. வடிகட்டியைக் கழுவுவதும், படிவு நீக்குவதும், மெக்கானிக் வரும் நாளில் வீட்டிலிருப்பதும் கணவன் ஏற்கத்தக்க வேலைகள். கீழே உள்ளதை எழுதி இயந்திரத்தின் அருகில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சலவைக்குப் பின்: வளையத்தைத் துடைத்தல், தூள் பெட்டியைத் திறந்துவைத்தல், பிளக்கையும் தண்ணீர்க் குழாயையும் அடைத்தல்.

மாதம் ஒருமுறை: வடிகட்டியையும் தூள் பெட்டியையும் கழுவுதல், துணியில்லாமல் 60 பாகையில் ஒருமுறை ஓட்டுதல்.

இரண்டு அல்லது மூன்று மாதத்திற்கு ஒருமுறை: உப்புப் படிவு நீக்குதல்.

ஆண்டுக்கு ஒருமுறை: கால்களின் சமநிலை, குழாய்களின் விரிசல், எர்த் இணைப்பு ஆகியவற்றைச் சோதித்தல்.