உதைபந்தாட்டக் கல்வியும் சமத்துவமும்: மாத்தளைத் தோட்டப்புறத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலக்கியத்தையும் கூத்தையும் சமூகப் பின்னணியில் வைத்து ஆராயப் பழகிய நாம், விளையாட்டை அவ்வாறு நோக்குவது அரிதாகவே உள்ளது. சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் வெளியிட்ட நூலொன்றில் மேற்கிந்தியக் கிரிக்கெற்றைக் குடியேற்றவாதத்தினதும் வர்க்கத்தினதும் வரலாற்றோடு இணைத்து விளக்கினார். அத்தகைய நோக்கை உதைபந்தாட்டம் கற்பிக்கும் முறைக்கும் விரிக்கலாம். யார் ஆடுகின்றனர், யார் ஓரத்தில் நிற்கின்றனர் என்பது கற்பித்தல் முறையிலும் தங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

உதைபந்தாட்டம் உழைப்பாளரின் ஆட்டமாக வளர்ந்தமைக்குத் திட்டமான பொருளியற் காரணங்கள் உண்டு. இங்கிலாந்தின் 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வேலைசெய்வதைத் தடுத்தது. காலப்போக்கில் பரவிய அவ்வரைநாள் ஓய்வே தொழிலாளரை மைதானத்துக்கு அழைத்துவந்தது. ஆயினும் 1921 இல் ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. ஆட்டத்துக்கு ஓய்வுநேரமும் நிலமும் வேண்டும். அவை யாருக்குக் கிட்டும் என்பதை நிர்ணயிப்பது அதிகாரம்.

மாத்தளைக்கு இவ்வுண்மை நன்கு பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மடிந்தோர் பலர். பின்னர் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மலைச்சரிவுகளை நிரப்பின. அச்சரிவுகளில் சமதரை அருமையானது. கிடைத்த சமதரையில் தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் பெரட்டுக்களமும் எழுந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் நிலப்பங்கீடு அடிப்படையில் மாறவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் முற்றமும் தோட்டத்து வீதியுமே பெரும்பாலும் மைதானங்களாயின.

இச்சூழலில் வழக்கமான பயிற்சிமுறை என்ன செய்கின்றது என்பதை நோக்குவோம். மாணவர் வரிசையில் நின்று, முறை வரும்போது பந்தை ஒருமுறை உதைத்துவிட்டு மீண்டும் வரிசையின் கடைசிக்குச் செல்கின்றனர். ஏற்கெனவே திறன் பெற்றோர் பாடசாலைக் குழுவுக்குத் தெரிவாகின்றனர், ஏனையோர் பார்வையாளராகின்றனர். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்வரை வரிசையில் நிற்கும் தாய்தந்தையரின் அனுபவம் இங்கு வேறோர் உருவில் தொடர்கின்றது எனலாம்.

1982 இல் இங்கிலாந்தின் லப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கரும் றொட் தோர்ப்பும் இம்முறையைத் தலைகீழாக்கினர். முதலில் ஆட்டம், பின்னர் புரிதல், அதன்பின் திறன் என்பதே அவர்களது வரிசை. எடுத்துக்காட்டாக, சிறிய சதுரமொன்றில் மூவர் பந்தைத் தம்மிடம் வைத்திருக்க, ஒருவர் அதைப் பறிக்க முயல்கின்றார். சற்று நேரத்தில் ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்தி, “பந்து ஏன் பறிபோயிற்று? எங்கே நின்றிருந்தால் உங்களுக்குப் பந்து வந்திருக்கும்?” என்று கேட்கின்றார். வெற்றிடத்துக்கு நகரவேண்டும் என்பதை மாணவரே கண்டடைகின்றனர். பந்தைச் சரியாகக் கடத்தும் தேவை உணரப்பட்ட பின்னரே அத்திறன் கற்பிக்கப்படுகின்றது. உடனே ஆட்டம் தொடர்கின்றது. நமது கிளித்தட்டிலும் மறிப்பவரை ஏமாற்றி வெற்றிடம் தேடும் இவ்வறிவே செயற்படுகின்றது. ஆகவே இது நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் அந்நியமான கல்வியன்று.

சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933 இல் ஆற்றிய விரிவுரையொன்றில், விளையாட்டில் குழந்தை தன் அன்றாட நிலையைவிட உயர்ந்து நிற்பதாகவும், விதிக்குத் தானாகவே கட்டுப்படுவதாகவும் விளக்கினார். இதிலிருந்து நாம் ஓரடி மேலே செல்லலாம்: விதியைப் பின்பற்றும் பிள்ளை அதை ஆக்கவும் வல்லது. இடம், பணி, கருவி, ஆட்கள் என்னும் நான்கையும் மாற்றி எவரையும் ஆட்டத்தில் சேர்க்கலாம். பார்வையற்ற பிள்ளைக்கு ஒலிக்கும் பந்து. நடப்பதில் இடர்ப்படும் பிள்ளைக்கு எவரும் பறிக்கவியலாத தனி வலயம். கொலம்பியாவின் மெடெயின் நகரில் 1996 இல் தொடங்கிய அமைதிக்கான உதைபந்தாட்ட இயக்கம், முதற் கோலைப் பெண்ணே அடிக்கவேண்டும் என விதித்தது. எனினும் விதி மட்டும் போதாது. பெண்பிள்ளை ஒரு கோல் அடித்ததும் அவளை மறந்துவிடும் குழுவும் இருக்கக்கூடும். அதனையும் மாணவரிடையே விவாதப் பொருளாக்குவதே ஆசிரியரின் பணி.

மாத்தளையில் இரு விடயங்கள் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கவை. ஒன்று நேரம். தாய் கொழுந்தெடுக்கச் சென்ற வீட்டில் தம்பி தங்கையரைப் பார்ப்பது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையே. மாலைப் பயிற்சி அவளைத் தானாகவே விலக்கிவிடும். ஆதலின் பாடவேளைக்குள்ளேயே ஆட்டம் அமையவேண்டும். மற்றையது மொழி. சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக ஆடுமிடத்து, விதிபற்றிய உரையாடல் ஒரு மொழியில் மட்டும் நடப்பின், கால்கள் பெற்ற சமத்துவத்தை நாவுகள் இழந்துவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சிறுகளத்தில் சிறு குழுக்கள் ஆடும் இம்முறை, இடமற்ற தோட்டப் பாடசாலைக்கு உகந்தது. அதனாலேயே, “அவர்களுக்கு மைதானம் எதற்கு?” என்பாருக்கு இது வாய்ப்பாகிவிடவும் கூடும். உடற்கல்வியும் விளையாட்டும் அனைவரதும் அடிப்படை உரிமை என யுனெஸ்கோ 1978 இலேயே பிரகடனம் செய்தது. கற்பித்தல் முறை பிள்ளைகள் அனைவரையும் ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம். நிலத்தை அது தரமாட்டாது. கோயில் முற்றத்தில் இன்றே ஆட்டத்தைத் தொடங்குவதும், சமதரைக்கான கோரிக்கையைக் கைவிடாதிருப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகளாகும்.