ஓட்டையை அடைக்காமல் கியாஸ் ஏற்றலாமா?

நம் வணிகர்களில் கார் வைத்திருப்பவர்கள் இன்று பலர். ராஜபாளையத்திலிருந்து விருதுநகருக்குப் பருப்பு, எண்ணெய் கொள்முதலுக்கும், மதுரைக்கு வசூலுக்கும் காரில் போய் வருகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெளியூர்க் கடைகளுக்குக் காரிலேயே கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றுபோனால் நமக்கும் சிரமம், சரக்குக்கும் கேடு. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "கியாஸ் தீர்ந்துவிட்டது, ஏற்றிவிடலாம்" என்பார்கள். அந்த வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்பது பற்றி நாம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பெட்ரோல் எரிந்து தீர்வதுபோல ஏ.சி. கியாஸ் தீர்வதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் உள்ள கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கு வருகிறது. ஒரே சரக்கு ஒரே சுற்றில் ஓடுகிறது. குறைந்திருந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள்.

ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் போவது இயற்கைச் சேதாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு கூலிங் காயில் உள்ள காருக்கு ஆண்டுக்கு 40 கிராம் என்று கசிவு வரம்பு வைத்தது. கோடைதோறும் கியாஸ் ஏற்ற வேண்டியிருந்தால் அது சேதாரக் கணக்கில் சேராது, ஓட்டைதான்.

குளிர்ச்சி குறைந்தாலே கியாஸ் குறைவு என்றும் முடிவு கட்டக் கூடாது. நூற்பாலைகள் நிறைந்த நம் பகுதியில் பஞ்சுத்தூசு கண்டென்சரை மூடிவிடலாம். உள்ளே காற்று வரும் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கண்டென்சர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். இவற்றை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எடை. பானெட்டைத் திறந்தால் ஒரு லேபிளில் கியாஸின் பெயரும் கிராம் கணக்கும் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரை. வண்டியில் இருக்கும் கியாஸை மிஷினில் உறிஞ்சி எடை போடச் சொல்லுங்கள். லேபிள் 400 கிராம், மிஷின் 250 கிராம் என்றால் 150 கிராம் குறைவு. நாம் கடையில் இருப்பு எடுப்பது போலத்தான் இதுவும். கேஜை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்-134ஏ கியாஸ் உள்ள வண்டி ஓடாமல் நிற்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் கேஜ் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே சிறிது திரவம் இருக்கும்வரை, பாதிச் சரக்கு போயிருந்தாலும் அதே எண்தான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முறைகள் இவை. கியாஸுடன் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து ஓடுவதால், கசியும் இடத்தில் ஆயிலும் தூசியும் படிந்து கறை தெரியும். குழாய் மூட்டுகள், சர்வீஸ் வால்வு, கம்ப்ரசரின் முன்பக்கம், கல் அடிபடும் கண்டென்சர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு, கியாஸை எடுத்துவிட்ட குழாய்களில் சுமார் 150 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால், கசியும் இடத்தில் குமிழி விடும். மிகச் சிறிய கசிவுக்கு, ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டியபின் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். கியாஸ் இருக்கும்போதே எலக்ட்ரானிக் டிடெக்டரிலும் தேடலாம். இந்தக் கியாஸ் காற்றைவிடக் கனம். ஆகவே மூட்டுகளின் அடிப்பக்கத்தில் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கூலிங் காயிலுக்கு, தண்ணீர் வடியும் குழாயின் வாயில் டிடெக்டரைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

ஓ-ரிங்தான் குற்றவாளி என்றால் செலவு குறைவு. கண்டென்சர் ஓட்டையானால் மாற்றுவதே நல்லது. குழாயைக் கழற்றினால் டிரையரையும் மாற்றி, வெளியே போன அளவுக்கு ஆயில் சேர்க்க வேண்டும். ஆயில் குறைந்த கம்ப்ரசர் இறுகிப்போகும். அந்தச் செலவின் முன்னால் ஓ-ரிங் செலவு ஒன்றுமில்லை.

பிறகு குறைந்தது அரை மணி நேரம் வாக்குவம் போட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் வால்வில் உறைந்து அடைக்கும். அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். மிஷினை நிறுத்தியபின் வாக்குவம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, லேபிளில் உள்ள கிராம் அளவுக்கே கியாஸ் ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும்.

எச்சரிக்கை சில. மலிவு என்று சமையல் கியாஸ் வகையைக் காரில் ஏற்ற விடாதீர்கள். கசிந்தால் ஆட்கள் உட்காரும் இடத்திலேயே தீப்பிடிக்கும். சோதனைக்கு ஆக்சிஜன் கூடவே கூடாது. ஆயிலுடன் சேர்ந்து வெடிக்கும். ஆர்-134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். புது வண்டிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கியாஸ் இருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது. பழைய கியாஸைக் காற்றில் திறந்து விடுவதும் தவறு. ஒரு கிலோ ஆர்-134ஏ, சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இவ்வகைக் கியாஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021ல் ஏற்றுக்கொண்டது.

ஆகவே பில் கேட்கும்போது நான்கு விவரம் எழுதி வாங்குங்கள்: எடுத்த கியாஸ் எத்தனை கிராம், ஓட்டை எந்த இடம், வாக்குவம் எத்தனை நிமிடம், ஏற்றியது எத்தனை கிராம். எண்ணெய் டின் ஒழுகினால் நாம் முதலில் டின்னை மாற்றுவோமே தவிர, அதே டின்னில் எண்ணெயை ஊற்றமாட்டோம். கார் விஷயத்திலும் அந்தக் கணக்கையே கடைப்பிடிப்போம்.