இரு வீட்டுப் பிள்ளைகள்

போத்தனூர் ரயில் சந்திப்பை அறியாத கொங்கு நாட்டார் இரார். அங்கே ரயில்வே குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரை நம் ஜனங்கள் 'சட்டைக்காரர்' என்று அழைத்தனர். அவ்வார்த்தையில் வியப்பும் ஏளனமும் கலந்திருந்தன. துரைமாரும் அல்லர், நம்மவரும் அல்லர் என்பதே அதன் உட்பொருள். இரண்டு இனங்களுக்குப் பிறந்த மக்கள் எவர் பக்கம் நிற்பது? இக்கேள்வியை அவர்களிடம் கேட்குமுன் அவர்களுடைய சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம்.

தந்தையின் இனம் அவர்களை எவ்வாறு நடத்திற்று? பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருப்பின் அவருடைய பிள்ளைக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் உத்தியோகங்கள் இல்லையென்று 1791-ஆம் வருஷத்தில் விதிக்கப்பட்டது. தாய் தந்தை இருவருமே ஐரோப்பியராக இருந்தாலன்றிச் சேனையில் குழலூதவும், முரசடிக்கவும், லாடம் கட்டவுமே இடமுண்டு என்று 1795-இல் மற்றோர் உத்தரவு பிறந்தது. பெற்ற பிள்ளையை வாயிற்படியில் நிறுத்திய தகப்பனின் செய்கை இது.

பின்னர் ரயிலும் தந்தியும் வந்தன. நம்பிக்கையான ஆட்கள் தேவைப்பட்ட சர்க்கார், ஒதுக்கிய பிள்ளையையே கூவி அழைத்தது. வண்டியோட்டிகளாகவும் கார்டுகளாகவும் தந்தி ஊழியர்களாகவும் அவர்கள் உழைத்தனர். ஆனால் உயர்ந்த பதவி வெள்ளையருக்கு. இந்தியத் தொழிலாளரின் கோபத்துக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள். சுவராகப் பயன்பட்டவனுக்கு இரு புறத்திலிருந்தும் அடி விழுந்ததில் வியப்பில்லை.

ஆயினும் தாய்நாட்டைத் தம் நாடென்று உணர்ந்தோர் அச் சமூகத்தில் தொடக்கத்திலேயே தோன்றினர். 1809-இல் கல்கத்தாவில் பிறந்த டெரோஸியோ, தேசியம் என்ற சொல் நம் நாட்டில் பரவுமுன்னரே இந்தியாவைத் தாய்நாடாகப் பாடினார். ஹிந்து கலாசாலையில் வங்க இளைஞர்களுக்குச் சுதந்திரமாகச் சிந்திக்கக் கற்பித்தார். அதே சமயத்தில் தம் கலப்புச் சமூகத்தின் உரிமைக்காகவும் உழைத்தார். 1831-இல் 22 வயதில் மறைந்த அவருக்கு இவ்விரண்டும் முரண்பட்டனவாகத் தோன்றவில்லை. நூறாண்டுகளுக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த பிராங்க் அந்தோணியின் கொள்கையும் இதுவே: சமூகத்தால் ஆங்கிலோ இந்தியர், தேசத்தால் இந்தியர்.

தென்னாப்பிரிக்காவிலும் இச்சோதனை நேர்ந்தது. அங்கே 1984-இல் கலப்பு இனத்தாருக்கும் இந்தியருக்கும் தனித்தனிச் சபைகள் அளிக்கப்பட்டன. பெரும்பான்மையோரான கறுப்பு மக்களுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தேர்தலில் கலப்பு இனத்தாருள் பெரும்பாலோர் வாக்களிக்க மறுத்தனர். சலுகையைக் காட்டிச் சுவராக்க முனைந்தவனிடம் அவர்கள் அகப்படவில்லை. தாம் பிறந்த இனங்களுள் எது நசுக்கப்படுகிறதோ அதன் பக்கம் நிற்பதே உண்மையான பந்தம் என்பதை உலகுக்குக் காட்டினர்.

ஆனால் பந்தம் ஒருவழிப் பாதையன்று. பார்லிமெண்டில் ஆங்கிலோ இந்தியருக்கிருந்த இரு நியமன ஸ்தானங்களும், சட்டசபைகளிலிருந்த நியமனமும் 104-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 2020 ஜனவரியில் நீட்டிக்கப்படாது முடிந்தன. 2011 ஜனத்தொகைக் கணக்கில் அச் சமூகத்தார் 296 பேரே என்று சர்க்கார் கூறிற்று. அக்கணக்கு தவறென்று சமூகத்தார் முறையிட்டனர். நியமனம் நிரந்தரமாயிருக்க வேண்டுமா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் குரலை அடைக்குமுன் அதன் தலைகளையாவது சரியாக எண்ணுவது பெரும்பான்மையோரின் கடமையன்றோ?

பல்லடத்தாருக்கு இது தூரத்து விஷயமன்று. நம் விசைத்தறிக் கூடங்களில் வடநாட்டுத் தொழிலாளர் உழைக்கின்றனர். அவர்களுடைய குழந்தைகள் நம் பள்ளிகளில் தமிழ் படிக்கின்றனர். நாளை இரு மொழிக் குடும்பங்களில் பிறக்கும் பிள்ளைகளையும் நாம் ஒரு ஏளனப் பெயரால் அழைக்கப் போகிறோமா? இரு வீட்டுப் பிள்ளைக்கு இரு வீட்டிலும் இலை போட வேண்டும். அங்ஙனம் செய்தபின்னரே, நம் துன்பத்தில் எம்முடன் நில் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும் என்பது நமது துணிபு.