தேதி முடிந்த கண்மையும் கைவிட்டுப் போன வாடிக்கையும்



பருப்பில் வண்டு கண்டால் உடனே புடைத்து எடுத்துவிடுகிறோம். கடலை எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் டின்னை ஓரங்கட்டிவிடுகிறோம். ஆனால் அதே கடையின் கண்ணாடி அலமாரியில் உள்ள கண்மை, லிப்ஸ்டிக், முகப்பவுடர் இவற்றை நம்மில் எத்தனை பேர் மாதம் ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்க்கிறோம்? சாப்பிடுகிற பொருளா என்ன, கெட்டுப்போவதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாங்களும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்கள்தாம்.

2017 தை மாதக் கல்யாண சீசனில், கிடங்கு மூலையில் கிடந்த ஒரு பெட்டிக் கண்மையைத் தேதி பாராமல் கிராமத்துச் சில்லறைக் கடை ஒன்றுக்கு அனுப்பிவிட்டோம். கடைக்காரரும் பாராமல் விற்றார். வாங்கியது மணப்பெண்ணின் தங்கை. கல்யாணத்தன்று அந்தப் பெண் இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. டப்பாவில் தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் சத்தம் போடவில்லை. டப்பாவைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பல வருடமாக அந்தக் கடையில் மாதச் சாமான் வாங்கிய குடும்பம் அதன்பின் அங்கே படியேறவில்லை. சில ரூபாய்ச் சரக்குக்காக ஒரு நல்ல வாடிக்கை போயிற்று. பிழை எங்களிடம் தொடங்கியது.

கெடுவது எப்படி?

கண்மையிலும் லிப்ஸ்டிக்கிலும் எண்ணெயும் மெழுகும் உண்டு. வெயிலும் காற்றும் பட்டால் சமையல் எண்ணெய் போலவே இவையும் சிக்கு வாடை அடிக்கும். கிரீம், திரவ ஐலைனர் போன்றவற்றில் நீர் உண்டு. அதில் கிருமி எளிதாக வளரும். அதைத் தடுக்கச் சேர்க்கும் மருந்தின் வீரியமும் நாளடைவில் குறையும். உலர்ந்த பவுடர் மற்றவற்றைவிட அதிக நாள் தாங்கும். ஈரக் கை பட்டால் அதுவும் கட்டிதட்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

சரக்கு வந்ததும் அட்டையில் உள்ள ‘யூஸ் பிஃபோர்’ மாதம், வருடம், பேட்ச் எண், உற்பத்தி உரிம எண் ஆகியவற்றைப் பாருங்கள். இவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். தேதியை அழிப்பதும், மேலே வேறு சீட்டு ஒட்டுவதும் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு.

முன்னே வந்த சரக்கு முன்னே போகட்டும். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்குங்கள். வெயில் படும் ஷோகேஸ், தகரக் கூரையின் அடி, மிளகாய் மூட்டைக்கும் பினாயிலுக்கும் பக்கம் – இந்த இடங்களைத் தவிர்க்கவும்.

காட்டுவதற்குத் திறந்த லிப்ஸ்டிக்கை உதட்டிலோ, கண்மையைக் கண்ணிலோ தீட்டிப் பார்க்க விடாதீர்கள். புதுப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் புறங்கையில் தடவிக் காட்டினால் போதும். திறந்த டப்பாவை மீண்டும் மூடி விற்கவே கூடாது.

வாங்குவோரிடம் சொல்ல வேண்டியவை

அட்டையில் உள்ள தேதி மூடிய டப்பாவுக்கு உரியது. திறந்தபின் கணக்கு வேறு. சில டப்பாக்களில் மூடி திறந்த ஜாடியின் படமும், அதில் 6 எம், 12 எம் என்ற எழுத்தும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம் என்று பொருள். கண் இமைக்குப் பூசும் மஸ்காராவை 3 மாதத்தில் மாற்றுவது நல்லது. மெட்ராஸ் ஐ வந்து குணமானவர்கள் பழைய கண்மையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒரே கண்மையை வீட்டில் எல்லோரும் போடுவதும், காய்ந்த மையில் தண்ணீர் விட்டுக் குழைப்பதும் ஆகாது.

பிரஷ்களை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் மிதமான ஷாம்பு போட்டு அலசச் சொல்லுங்கள். கைப்பிடியின் மூட்டில் தண்ணீர் இறங்கினால் பசை விட்டு மயிர் உதிரும். ஆகவே நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். பவுடர் பஃப்பையும் அடிக்கடி துவைக்க வேண்டும். நைந்தால் மாற்ற வேண்டும். இப்படிச் சொல்லி விற்கும் கடையில்தான் புதுப் பஃப்பும் புதுப் பிரஷும் விற்கும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

அந்தக் கண்மைச் சம்பவத்தின்போது கடைக்காரர் எங்களிடம் ஒன்று கேட்டார். பழைய சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று நாங்களே சொல்லிவிட்டால், அவர் அதை விற்காமல் என்ன செய்வார் என்றார். எங்களிடம் பதில் இல்லை. அதன்பின் அழகுச் சாதனங்களை டஜன் கணக்கில் தள்ளாமல், மூன்று நான்காகப் பிரித்துக் கொடுக்கிறோம். தேதி முடிய 3 மாதம் இருக்கும்போதே சொன்னால் திருப்பி எடுத்து, வேகமாக ஓடும் கடைக்கு மாற்றுகிறோம். அப்படியும் மிஞ்சுவதை உடைத்து அழிக்கிறோம். அந்த நஷ்டத்தில் பாதி எங்களுடையது.

இதில் லாபம் குறைந்தது உண்மை. ஆனால் பாக்கி வசூலுக்குப் போகும்போது எந்தக் கடையிலும் முகம் பார்த்துப் பேச முடிகிறது. வரும் மாத இருப்புக் கணக்கின்போது, அரிசி மூட்டையை எண்ணி முடித்த கையோடு அந்தக் கண்ணாடி அலமாரியையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.