தூங்கும்போது தீ! காவலுக்கு ஆள் இல்லாமல் 34 பேர் பலி
இரவு பஸ்சில் போகிறவர்களே, உஷார்!

எம்.ரெட்டியபட்டி,

களத்தில் குவித்த மிளகாய் வத்தலுக்கே ராக்காவல் போடுவது நம்ம கரிசல் காட்டு வழக்கம். ஆனால் 34 பேர் படுத்துத் தூங்கிய ஒரு படகில் காவலுக்கு ஆள் இல்லை. 34 பேரும் பரிதாபமாக செத்தார்கள்!

அமெரிக்காவில் நடந்த இந்த பயங்கரம் பற்றிய விவரம் வருமாறு:-

கலிபோர்னியா கடலில், சாண்டா குரூஸ் தீவு அருகே 'கன்செப்ஷன்' என்ற படகு நங்கூரம் போட்டு நின்றது. காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பார்க்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். 2019 செப்டம்பர் 2-ந்தேதி, அதிகாலை சுமார் 3 மணி. நடுத்தளத்தில் தீ பிடித்தது. கீழ்த்தளத்தில் 33 பயணிகளும் ஒரு ஊழியரும் தூங்கிக்கொண்டு இருந்தார்கள். மேல்தளத்தில் இருந்த கேப்டன் உள்பட 5 பேர் மட்டும் தப்பினார்கள்.

இரண்டு வழி, ஒரே தீ!

கீழ்த்தளத்தில் இருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஆனால் இரண்டும் போய்ச் சேர்ந்தது, தீப்பிடித்த அதே அறைக்குத்தான்! சார்ஜ் போட்ட செல்போன், பேட்டரிகள் மீது சந்தேகம் எழுந்தது. எனினும் காரணம் உறுதியாகவில்லை. இரவில் ஒருவர் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். அது நடக்கவில்லை. கேப்டனுக்கு 2024-ல் 4 ஆண்டு சிறை தண்டனை கிடைத்தது.

நமக்கு என்ன?

"கப்பலுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 2023 ஆகஸ்டு 26-ந்தேதி அதிகாலை, மதுரையில் நிறுத்தி இருந்த சுற்றுலா ரெயில் பெட்டி எரிந்து 9 பேர் பலியானார்கள். கள்ளத்தனமாக ஏற்றிய கியாஸ் சிலிண்டர்தான் வினை. 2013 அக்டோபர் 30-ந்தேதி பெங்களூரில் இருந்து ஐதராபாத் போன சொகுசு பஸ் எரிந்து 45 பேர் மாண்டார்கள்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் இருந்து சென்னைக்குப் போகிறவர்கள் ஏறுவதும் ராத்திரி பஸ்தானே!

என்ன செய்யலாம்?

ஏறியதும் படுத்துவிடாதீர்கள். அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே, தீயணைப்பு சிலிண்டர் எங்கே என்று பாருங்கள். அவசர வழியில் மூட்டை கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள். செல்போனை தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சொந்தக்காரர்களுக்கு என்று பட்டாசு பார்சல் கட்டிக்கொண்டு ஏறவே ஏறாதீர்கள். ரெயில் என்றால் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு! புகை வாடை வந்தால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். வெளியே வந்தபிறகு 101 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள்.

"அருப்புக்கோட்டை வந்தா எழுப்பி விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறோம். தீ வந்தால் யார் எழுப்புவது? அதையும் ஏறும்போதே கேட்டு வையுங்கள்!