ஸ்கூல் ஆடிட்டோரியத்துக்கு எதுக்கு இவ்வளவு செலவு? பாப் டிலன் பாடிய மேடையின் கதை

பாப் டிலன் 1959-ல் பள்ளிப் படிப்பை முடித்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஹிப்பிங் உயர்நிலைப் பள்ளியில். அதன் ஆடிட்டோரியத்துக்குள் முதல்முறை நுழைபவர்கள், 'இது ஸ்கூலா, இல்ல அரண்மனையா?' என்றுதான் கேட்பார்கள். சுமார் 1,800 இருக்கைகள், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த கண்ணாடிச் சரவிளக்குகள், 1,900-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன். நியூயார்க்கின் கேபிடல் தியேட்டரை மாதிரியாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

1920-ல் வெறும் 15,000 பேர் வாழ்ந்த ஊருக்கு இது எப்படி வந்தது?

காரணம், ஊருக்கு அடியில் இருந்த இரும்புத்தாது. தோண்டத் தோண்ட சுரங்கம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 'ஊரை நகர்த்துங்கள்' என்றன சுரங்க நிறுவனங்கள். சும்மா பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே நகர்த்தினார்கள். 1919-ல் தொடங்கி, வீடுகளையும் கடைகளையும் அஸ்திவாரத்திலிருந்து தூக்கி, மரக்கட்டைகள் மேல் உருட்டி சுமார் 3 கி.மீ. தெற்கே கொண்டுபோனார்கள். செல்லர்ஸ் என்ற ஹோட்டல் மட்டும் வழியிலேயே சரிந்து விழுந்து நொறுங்கியது.

ஆனால் ஊர்க்காரர்கள் ஏமாளிகள் இல்லை. 1913-ல் ஊர்த் தலைவரான வழக்கறிஞர் விக்டர் பவர், சுரங்கங்கள் மீதான வரியை உயர்த்தி அந்தப் பணத்தை ஊருக்குச் செலவழித்தார். நிறுவனங்கள் நீதிமன்றம் வரை போய் முட்டிப் பார்த்தன. தாது தீர்ந்தால் கம்பெனி கிளம்பிவிடும், குழிதான் மிஞ்சும் என்ற கணக்கு ஊருக்குத் தெரிந்திருந்தது. புதிய ஊரில் 1920-ல் கட்டத் தொடங்கிய இந்தப் பள்ளிக்கு ஆன செலவு சுமார் 40 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி சுரங்க வரிப் பணம். அன்றைய ஹிப்பிங்கில் இத்தாலி, பின்லாந்து, ஸ்லோவேனியா என்று பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறைய. நியூயார்க் பணக்காரர்கள் உட்காரும் மாதிரியான அரங்கில் அவர்களும் உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

டிலன் கதைக்கு வருவோம். 1958-ல் தன் இசைக்குழுவோடு இதே மேடையில் ராக் அண்ட் ரோல் போட்டார். சத்தம் தாங்காமல் தலைமை ஆசிரியர் மைக்கை அணைக்கச் சொன்னதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பையனுக்குத்தான் 2016-ல் இலக்கிய நோபல்.

பள்ளி 1980-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. பழைய ஊர் இருந்த பக்கம் இப்போது 5 கி.மீ-க்கு மேல் நீளமான சுரங்கக் குழி. பார்வையாளர்கள் மேலே நின்று எட்டிப் பார்க்கலாம்.