வலிப்பது கால், கோளாறு முதுகில்

பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், பிட்டத்தில் தொடங்கி பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுரீர் என்று இழுக்கும். தும்மினால் இன்னும் கூடும். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்துகிறோம். ஆனால் சயாட்டிகா எனப்படும் இந்த வலி பெரும்பாலும் கிளம்புவது கீழ்முதுகில்.

உடம்பிலேயே தடிமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. கீழ்முதுகிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாவது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி வேர் ஒன்றை அழுத்தினால், வலி அந்த வேரின் பாதை நெடுக ஓடும். பொதுவாக ஒரு காலில்தான். கட்டைவிரல் பக்கம் மரத்துப்போவதா, சுண்டுவிரல் பக்கமா என்பதை வைத்தே எந்த வேர் என்று மருத்துவர் ஓரளவு ஊகித்துவிடுவார். இரண்டு பாதமும் ஒருசேர எரிகிறது என்றால் அது வேறு கதை, சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே வலி தணியும். பிதுங்கிய ஜவ்வு பல நேரம் தானே சுருங்கிவிடும். நாள்கணக்கில் படுத்தே கிடப்பதில் பயனில்லை. தாங்குமளவு நடமாடுவதே நல்லது. முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது வேண்டாத வேலை. மரத்த காலில் வெந்நீர் ஒத்தடமும் ஆபத்து, சுடுவது தெரியாது. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

வலியைவிட உணர்வும் பலமும் குறைவதற்குத்தான் பயப்பட வேண்டும். குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நாலடி நடந்து பாருங்கள். பாதம் தொங்கினால், செருப்பு தானாகக் கழன்றால், உடனே மருத்துவரைப் பாருங்கள். வலி திடீரென நின்று கால் மட்டும் சோர்ந்துபோனால், குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் அடங்காமல் போனாலோ, மலம் கழித்துக் கழுவும்போது அந்த இடத்தில் தொடுவதே தெரியாவிட்டாலோ, வலி இரண்டு கால்களிலும் பரவினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வால்பகுதி நரம்புக்கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் நிரந்தர ஊனம் வரலாம். இந்த அறிகுறிகளைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் மிரள வேண்டாம். அமெரிக்காவில் 1994இல் வெளியான ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு எங்காவது ஒரு ஜவ்வு புடைத்திருந்தது. ரிப்போர்ட்டில் உள்ள இடமும் உங்கள் கால்வலியும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள்.

கால் பலம் குறையாமல் வலி மட்டும் இருந்தால், ஆபரேஷனுக்கு முன் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க நேரம் உண்டு. சீக்கிரம் வலி குறைவது ஆபரேஷனின் லாபம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இந்தியாவில் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஸ்கேன் படத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.